ஏட்டிலிருந்து திரைக்கு: ஒரு கோல்ப் புதினத்தின் வரலாறு

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்பு ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு சிறுவர் கதையை நடத்திக்கொண்டிருந்தேன். பாடவேளை போதவில்லை. அக்கதை படமாகவும் வந்திருந்தமையால், எஞ்சிய பகுதியை ஒரு நாள் பிற்பகலில் திரையில் காட்டிவிட்டேன். மாணவர்கள் மகிழ்ந்தார்கள், எனக்கும் வேலை எளிதாயிற்று. மறுநாள் வினாக்கள் கேட்டேன். யார் வந்தார், எங்கே போனார், இறுதியில் என்ன நேர்ந்தது என்பனவற்றுக்கெல்லாம் விடைகள் விரைந்து வந்தன. "அந்தச் சிறுவன் வீட்டு வாசல்வரை வந்தும் உள்ளே போகாமல் ஏன் நின்றான்? அப்போது அவன் மனத்தில் என்ன ஓடியிருக்கும்?" என்று கேட்டேன். வகுப்பு அமைதியாயிற்று. ஒரு மாணவி மட்டும் எழுந்து, "ஐயா, அது படத்தில் வரவில்லை" என்றாள்.

அவள் சொன்ன விடையை நான் இன்றும் மறக்கவில்லை. ஒரு கதை ஏட்டிலிருந்து திரைக்குச் செல்லும்போது வழியில் உதிர்ந்துபோவது எது? அதனை உதிராமல் கொண்டுசெல்ல இயலுமா? இவ்வினாக்களைச் சிந்திப்பதற்குப் பொருத்தமான வரலாறு ஒன்று ஆங்கில இலக்கியத்தில் உண்டு. கோல்ப் ஆட்டத்தையும் ஆன்மிகத்தையும் இணைத்து 1972இல் வெளிவந்த ஒரு புதினம், 38 ஆண்டுகள் கழித்துத் திரைப்படமான வரலாறே அது. அப்புதினத்தின் பெயர் 'கோல்ப் இன் த கிங்டம்'. எழுதியவர் மைக்கேல் மர்பி என்னும் அமெரிக்கர். அந்நூலின் ஆணிவேர் நம் புதுவை மண்ணில் ஊன்றியிருக்கின்றது என்பது தமிழராகிய நாம் அறியத்தக்க செய்தியாகும்.

ஆட்டத்தின் இயல்பு

தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்குக் கோல்ப் என்றால் துரைமார் ஆட்டம். வேலிக்கு அப்பால் பச்சைப் புல்வெளியில் நடந்த, நமக்குத் தொடர்பில்லாத பொழுதுபோக்கு. அதனை ஆன்மிகத்தோடு சேர்த்துப் பேசினால் சிலருக்குச் சிரிப்பும் வரக்கூடும். ஆதலின், ஆட்டத்தின் இயல்பை முதற்கண் விளக்குதல் நலம்.

கோல்ப் ஸ்காட்லாந்தில் வளர்ந்த ஆட்டம். 1457இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் இவ்வாட்டத்தைத் தடை செய்தது. இளைஞர்கள் வில்வித்தைப் பயிற்சியை மறந்து பந்தின் பின்னே அலைந்தார்கள் என்பதே காரணம். தடை நிலைக்கவில்லை, ஆட்டம் நிலைத்தது. ஃபைஃப் என்னும் வட்டாரத்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1754இல் தோன்றிய ஆட்டக் கழகம் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றது. அவ்வட்டாரத்தை இன்றும் 'ஃபைஃப் அரசு' என்று வழங்குவர். புதினத்தின் பெயரில் வரும் 'அரசு' அந்த வட்டாரத்தையும் குறிக்கும். மனிதனுக்குள் இருக்கும் அரசையும் குறிக்கும்.

ஆட்டத்தின் விதி எளியது. திடலில் 18 குழிகள் இருக்கும். பந்தை மட்டையால் அடித்து ஒவ்வொரு குழியிலும் சேர்க்க வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவரே வென்றவர். ஆனால், இதில் உள்ள ஒரு தனித்தன்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிற ஆட்டங்களில் பந்து நம்மை நோக்கி வருகிறது. எதிராளி நம்மை இடைமறிக்கிறான். எண்ணுவதற்கு நேரமில்லை. கோல்ப் ஆட்டத்திலோ பந்து அசையாமல் கிடக்கிறது. நம்மைத் தடுப்பவர் எவருமிலர். நாலு மணி நேரம் நடந்தாலும், பந்தை அடிக்கும் நேரம் சில நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் மனிதன் தன் மனத்தோடு தனித்து நடக்கிறான். சென்ற அடி தவறியதே என்ற வருத்தமும், அடுத்த அடி தவறுமோ என்ற அச்சமுமே அவனுக்கு எதிரிகள். மனத்தை அடக்கியவன் அடித்த பந்து நேரே செல்லும். மனம் அலைந்தால் பந்தும் அலையும்.

இத்தகைய ஆட்டம் அகவாழ்வைப் பேச விரும்பும் எழுத்தாளனுக்கு ஏற்ற களம். ஆயினும், திரைப்படக் கலைஞனுக்கு இதுவே இடர்ப்பாடு. நடப்பதைப் படம் பிடிக்கலாம். நடப்பவனின் உள்ளத்தில் ஓடுவதை எவ்வாறு படம் பிடிப்பது?

புதுவையில் ஊன்றிய வேர்

மைக்கேல் மர்பி 1930இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். 1950இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, பிரெடரிக் ஸ்பீகல்பெர்க் என்னும் பேராசிரியரின் சமய ஒப்பியல் விரிவுரைக்குத் தற்செயலாகச் சென்று அமர்ந்தார். அப்பேராசிரியர் அதற்கு முந்தைய ஆண்டில்தான் இந்தியாவுக்கு வந்து, திருவண்ணாமலையில் இரமண முனிவரையும் புதுவையில் அரவிந்தரையும் கண்டு திரும்பியவர். அவர் உரையில் உபநிடதக் கருத்துகளைக் கேட்ட இளைஞரின் வாழ்க்கை திசை மாறிற்று. மருத்துவம் பயில எண்ணியிருந்தவர் அரவிந்தரின் 'தி லைஃப் டிவைன்' என்னும் பெருநூலைக் கையில் எடுத்தார்.

அரவிந்தர் 1910இல் புதுவைக்கு வந்தவர். அங்கு வாழ்ந்த பாரதியாரோடு நெருங்கிப் பழகியவர். பாரதியார் கீதையைத் தமிழில் பெயர்த்ததை நாம் அறிவோம். அரவிந்தரின் பெருநூல் 1914 முதல் 'ஆர்யா' இதழில் தொடராக வெளிவந்தது. 1926இல் ஆசிரமம் அமைந்தது. அரவிந்தரின் யோகம் உலகைத் துறக்கச் சொல்வதன்று. உடலை இழிவென ஒதுக்குவதுமன்று. உடலும் உயர்நிலை எய்த வேண்டும் என்பதே அதன் கொள்கை. 1943இல் ஆசிரமத்தில் பள்ளி தொடங்கியபின், அன்னை எனப்பட்ட மிரா அல்ஃபாசா விளையாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் பேரிடம் அளித்தார். அன்னையே முதிய வயதிலும் டென்னிஸ் ஆடினார். 1949இல் ஆசிரமம் உடற்கல்விக்கென ஓர் இதழைத் தொடங்கியது. அரவிந்தர் தம் இறுதிக்கால உரைநடைக் கட்டுரைகளை அவ்விதழுக்குத்தான் எழுதினார். ஒரு மெய்ஞ்ஞானி தம் முதிர்ந்த சிந்தனைகளை உடற்கல்வி இதழில் வெளியிட்டார் என்பதை ஆசிரியர்களாகிய நாம் ஊன்றி நினைத்தல் வேண்டும். நம் பள்ளிகளில் தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோகும் பாடவேளை உடற்கல்வி அன்றோ?

1950 டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார். மர்பி 1956இல் புதுவைக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டு நாலு மாதம் ஆசிரமத்தில் தங்கினார். தியானமும் விளையாட்டும் ஒரே கூரையின்கீழ் வாழ்வதை அங்கே அவர் நேரில் கண்டார். நாடு திரும்பிய பின், 1962இல் ரிச்சர்டு பிரைஸ் என்னும் நண்பரோடு சேர்ந்து கலிபோர்னியாக் கடற்கரையில் 'எசலென்' என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். கீழை நாட்டுத் தியானமும் மேலை நாட்டு உளவியலும் சந்தித்த இடம் அது. பத்தாண்டுகள் கழித்து, 1972இல், அவருடைய முதற்புதினம் வெளிவந்தது.

புதினம் கூறுவது

கதை மிகச் சிறிது. 1956ஆம் ஆண்டு. மைக்கேல் மர்பி என்னும் இளைஞன் இந்தியாவில் உள்ள ஓர் ஆசிரமத்தை நோக்கிப் பயணம் செய்கிறான். கதைத் தலைவனுக்கு ஆசிரியர் தம் பெயரையே சூட்டியுள்ளார். வழியில் ஸ்காட்லாந்தில் இறங்கி, 'பர்னிங்புஷ்' என்னும் கற்பனைத் திடலில் ஒரு நாள் கோல்ப் ஆடுகிறான். அங்குப் பயிற்றுநராக இருப்பவர் சிவஸ் அயர்ன்ஸ். இப்பெயர் ஸ்காட்லாந்தில் வழங்கும் பழைய பெயர்களில் ஒன்று என்பர். ஆயினும், தமிழ்ச் செவியில் அது சிவனையே நினைவூட்டும். பகலில் ஆட்டம், மாலையில் விருந்தும் விவாதமும், இரவில் சிவசின் குருவைத் தேடி ஒரு பள்ளத்தாக்கில் அலைதல். மறுநாள் இளைஞன் விடைபெறுகிறான். ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவுமே கதையின் காலம்.

நூலின் பிற்பகுதி கதையன்று. சிவஸ் அயர்ன்சின் குறிப்பேடுகளிலிருந்து எடுத்தவை என்னும் முறையில் அமைந்த சிறு சிறு சிந்தனைகள் அவை. பந்தின் வெண்மை ஏன் மனத்தைக் கவர்கிறது, குழி என்பது எதனைக் குறிக்கிறது, பயிற்சியில் உள்ள இன்பம் யாது, விதிகளை மதிப்பது எப்படி மனிதனை உயர்த்துகிறது என்று அவை விரிகின்றன. 1971இல் விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்டு நிலவில் கோல்ப் பந்தை அடித்த நிகழ்ச்சியும் அங்கே சிந்தனைக்குப் பொருளாகிறது. மட்டை பட்டுப் பெயர்ந்த புல்கட்டியை எடுத்து மீண்டும் அதே இடத்தில் பதித்துவிட்டுச் செல்லும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. நாம் புண்படுத்திய நிலத்தை நாமே ஆற்றிவிட்டுச் செல்ல வேண்டும் என்னும் அறம் அவ்வழக்கத்தில் அடங்கியிருக்கிறது.

சிவஸ் அயர்ன்ஸ் மாணவனுக்குக் கற்பிக்கும் முறை நம் கவனத்திற்குரியது. மட்டையைப் பிடிக்கும் விதத்தை மட்டும் அவர் திருத்துவதில்லை. பந்து செல்லவிருக்கும் பாதையை முன்னரே அகக்கண்ணால் காணச் செய்கிறார். உடலுக்குள் ஓர் உள்ளுடல் உண்டு என்றும், உலகைப் பிணைக்கும் மெய்யீர்ப்பு ஒன்று உண்டு என்றும் உணர்த்த முயல்கிறார். மாணவன் சினத்தால் தடுமாறும்போது, அடிகளின் எண்ணிக்கையை மறந்து ஆட்டத்தைக் காணுமாறு வழிப்படுத்துகிறார். ஒரே நாள் வாய்த்த ஆசிரியர் அவர். ஆனால், அந்த ஒரு நாள் மாணவனின் வாழ்நாள் முழுவதும் நீள்கிறது.

இந்நூல் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்றது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1992இல் சிவஸ் அயர்ன்சின் பெயராலேயே வாசகர்கள் ஒரு கழகம் கண்டனர். இல்லாத ஒரு மனிதருக்கு இருப்பவர்கள் கழகம் அமைத்தார்கள் என்றால், அந்நூல் அவர்கள் வாழ்வில் எத்துணை ஆழமாக இறங்கியிருக்க வேண்டும்! காரணம் யாது? அந்நூல் வாசகனுக்குக் கதையை மட்டும் தரவில்லை; ஒரு பயிற்சியையும் தந்தது. படித்தவன் நூலை மூடிவிட்டுத் திடலுக்குச் சென்று, தானே பாதையை அகக்கண்ணால் காண முயன்றான். நூலின் நிறைவு நூலுக்குள் இல்லை, வாசகனிடத்தில் இருந்தது.

நெடிய காத்திருப்பு

இத்துணைப் புகழ் பெற்ற நூலைத் திரையுலகம் விட்டுவைக்குமா? நடிகரும் இயக்குநருமான கிளின்ட் ஈஸ்ட்வுட் இதன் உரிமையைப் பல ஆண்டுகள் வைத்திருந்தார். சிவஸ் அயர்ன்சாக ஸ்காட்லாந்து நடிகர் ஷான் கானரி நடிக்கக்கூடும் என்னும் பேச்சும் நெடுங்காலம் உலவியது. படம் உருவாகவில்லை. காலம் கடந்துகொண்டே போயிற்று.

இறுதியில் மிண்டி ஆஃப்ரைம் என்னும் பெண் தயாரிப்பாளரும் சூசன் ஸ்ட்ரைட்ஃபெல்ட் என்னும் பெண் இயக்குநரும் இப்பணியை நிறைவேற்றினர். இவ்விருவரும் 1996இல், கதையே இல்லாத ஓர் உளவியல் ஆய்வு நூலைத் திரைப்படமாக்கிய அனுபவம் உடையவர்கள். ஆகவே, கதை குறைந்த நூல் என்று இதனைக் கண்டு அவர்கள் அஞ்சவில்லை. 2010இல் படம் முடிந்தது; 2011இல் அமெரிக்கத் திரையரங்குகள் சிலவற்றில் வெளியாயிற்று. டேவிட் ஓ'ஹாரா சிவசாகவும், மேசன் கேம்பிள் இளைஞனாகவும் நடித்தனர். மால்கம் மெக்டவல் போன்ற தேர்ந்த நடிகர்களும் இடம்பெற்றனர். கதை ஸ்காட்லாந்தில் நிகழ்வது. படம் எடுக்கப்பட்டதோ அமெரிக்காவின் ஒரிகன் மாநிலக் கடற்கரையில் உள்ள பாண்டன் டூன்ஸ் திடலில். அங்கு 1999இல் திறக்கப்பட்ட முதல் திடலை வடிவமைத்தவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். மணல்மேடும் கடற்காற்றும் முட்புதரும் ஸ்காட்லாந்தையே நினைவூட்டுவன. இடத்தை மாற்றியதால் படத்திற்கு இழப்பு நேரவில்லை.

இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. பெருஞ்செலவுப் படங்களைப்போல் காதலையும் போட்டியையும் புகுத்திக் கதையைப் பெருக்காமல், நூலின் உரையாடல்களையும் மறைபொருள் உணர்வையும் காப்பாற்றவே படம் முயன்றது. அம்முயற்சி போற்றத்தக்கது. ஆயினும், விமர்சகர் பலர் அதனை வரவேற்கவில்லை. மக்களும் திரண்டு வரவில்லை. ஏட்டில் சிவஸ் ஒரு கருத்தைச் சொல்லும்போது, வாசகன் நூலைச் சற்றே தாழ்த்திவிட்டுச் சாளரத்தின் வழியே வானத்தைப் பார்க்கலாம். சொன்னதைத் தன் வாழ்வோடு ஒப்பிடலாம். மீண்டும் அதே பத்தியைப் படிக்கலாம். திரையில் அந்த இடைவெளி இல்லை. ஒரு கருத்து உள்ளத்தில் இறங்குமுன் அடுத்த கருத்து வந்துவிடுகிறது. ஏட்டில் ஞானமாக ஒலித்த சொல், திரையில் ஒரு மனிதர் மற்றொருவருக்குச் செய்யும் உபதேசமாகக் குறுகிவிடுகிறது. சொற்கள் உதிரவில்லை, சொற்களுக்கு இடையே இருந்த மௌனம் உதிர்ந்துவிட்டது.

கீதை வழி வந்த மற்றொரு கதை

இதனோடு ஒப்பிடத்தக்க மற்றொரு முயற்சியும் உண்டு. ஸ்டீவன் பிரெஸ்ஃபீல்டு என்பவர் 1995இல் எழுதிய 'த லெஜண்ட் ஆப் பேகர் வான்ஸ்' என்னும் புதினம் பகவத் கீதையை அடித்தளமாகக் கொண்டது. 1931இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடக்கும் ஒரு கோல்ப் போட்டியே அதன் களம். முதல் உலகப் போரில் உள்ளம் உடைந்த வீரன் ஒருவன் ஆட மறுத்து நிற்கிறான். அவன் பெயர் ஆர். ஜூனா. இரண்டையும் சேர்த்து ஒலித்துப் பார்த்தால் அர்ச்சுனன் தெரிவான். அவனுடைய மட்டைப்பையைச் சுமக்க வரும் மனிதர் பேகர் வான்ஸ். அப்பெயரில் பகவான் ஒளிந்திருக்கிறார். தேர்ப்பாகன் பைசுமப்பவராகவும், குருச்சேத்திரம் புல்வெளியாகவும் மாறியிருக்கின்றன. இப்புதினத்திற்கும் கீதைக்கும் உள்ள உறவை விளக்கி ஸ்டீவன் ரோசன் என்பவர் 2000இல் ஒரு நூல் எழுதினார். அதற்கு முன்னுரை வழங்கியவர் மைக்கேல் மர்பியே.

அதே 2000ஆம் ஆண்டில் இப்புதினம் திரைப்படமாயிற்று. இயக்கியவர் ராபர்ட் ரெட்ஃபோர்டு. மேட் டேமன், வில் ஸ்மித், சார்லிஸ் தெரான் முதலிய புகழ்மிக்க நடிகர்கள் நடித்தனர். மர்பியின் நூல் படமாகக் காத்திருக்க நேர்ந்தது 38 ஆண்டுகள். இந்நூலுக்கு ஐந்தே ஆண்டுகள். இதில் கதை இருந்தது, போட்டி இருந்தது, வெற்றி தோல்வி பற்றிய ஆவல் இருந்தது என்பதே காரணம் எனலாம். திரைப்படம் காதலை விரித்தது. கீதையின் சாயலைச் சுருக்கியது. ஒவ்வொரு மனிதனுக்கும் அவனுக்கே உரிய இயல்பான வீச்சு ஒன்று உண்டு, அதனைக் கண்டடைவதே வாழ்வு என்னும் கருத்தை மட்டும் காத்துக்கொண்டது. தன் கடமையைத் தானே ஆற்றுதல் என்னும் கீதைக் கருத்தின் மெல்லிய எதிரொலி அது. ஆயினும், ஏறத்தாழ எட்டுக் கோடி டாலர் செலவில் உருவான இப்படம் அதில் பாதியளவே ஈட்டியது.

இங்கே மற்றொரு சிக்கலும் எழுந்தது. திரையில் பைசுமப்பவராக வருபவர் ஒரு கறுப்பினத்தவர். 1931இல் ஜார்ஜியாவில் கறுப்பின மக்கள் பட்ட துன்பத்தின் சுவடே படத்தில் இல்லை. வெள்ளை இளைஞனின் மனக்கவலையைத் தீர்ப்பதே அவருடைய ஒரே வேலையாக இருக்கிறது. இத்தகைய பாத்திரப் படைப்பை இயக்குநர் ஸ்பைக் லீ 2001இல் கடுமையாகக் கண்டித்தார். கண்ணன் தேரோட்டியாக வந்தது அவனே விரும்பி ஏற்ற எளிமை. அமெரிக்க மண்ணில் கறுப்பினத்தவர் பிறர் பையைச் சுமந்தது அவர்கள் விரும்பி ஏற்றதன்று. ஒரு நாட்டுக் கதையை மற்றொரு நாட்டில் நடும்போது, அம்மண்ணின் வரலாறும் வேரோடு கலந்துவிடுகிறது. கதை மட்டும் தனியே நின்று வளராது.

வழிநூல் மரபு காட்டும் ஒளி

ஒரு படம் கதையைக் காத்து மறைபொருளை இழந்தது. மற்றொரு படம் மறைபொருளைச் சொல்லும் சொற்களைக் காத்து, அவற்றைத் தாங்கிய மௌனத்தை இழந்தது. அங்ஙனமாயின், அகவாழ்வைப் பேசும் நூலைத் திரைக்குக் கொண்டுசெல்வதே இயலாதா?

இவ்வினாவை ஆராய நம் இலக்கண மரபு நமக்குத் துணை நிற்கிறது. முதல்நூலிலிருந்து தோன்றும் வழிநூலைத் தொல்காப்பியர் நான்கு வகையாகப் பகுத்தார். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்பன அவை. முதல்நூலை அப்படியே படியெடுத்தல் என்னும் வகை அங்கே இல்லை என்பது கருதத்தக்கது. வழிநூல் என்றாலே மாற்றம் உண்டு. எதைச் சுருக்குவது, எதை விரிப்பது என்று தேர்வதே வழிநூலாசிரியனின் புலமை. வான்மீகியை முதல்நூலாகக் கொண்ட கம்பர், தமிழ் நிலத்துக்கும் தமிழ்ப் பண்புக்கும் ஏற்பச் சுருக்கியும் விரித்தும் பாடினார். ஆதலால்தான் அது வழிநூலாயினும் தனிப் பெருங்காப்பியமாக நிற்கிறது.

திரைப்படமும் ஒரு மொழியே. ஒளியும் ஒலியும் காட்சியின் நீளமும் அதன் சொற்கள். ஏட்டின் சொல்லைத் திரையில் ஒருவர் வாயால் பேசச் செய்வது மொழிபெயர்ப்பு ஆகாது. அது வெறும் இடமாற்றம். ஏட்டில் அச்சொல் வாசகனை என்ன செய்யத் தூண்டியது என்று கண்டறிந்து, அதே செயலைக் காண்பவனும் செய்யுமாறு காட்சியை அமைப்பதே மொழிபெயர்ப்பு. மர்பியின் நூல் வாசகனை நின்று, மூச்சடங்கி, பந்தின் பாதையை அகக்கண்ணால் காணச் செய்தது. அதற்கு ஈடாக, உரையாடல் ஏதுமின்றி ஒரு மனிதன் பந்தின் முன்னே அமைதியாக நிற்கும் காட்சியைக் காற்றின் ஒலியோடு நெடுநேரம் காட்டினால், காண்பவனும் தன்னையறியாமல் அந்த அமைதிக்குள் புகுவான். கருத்தைச் சொல்லாமலே கருத்து விளங்கும். சொல்வதற்கு அஞ்சாத கலைஞர் பலர் உண்டு. சொல்லாமல் விடும் துணிவு சிலருக்கே வாய்க்கும்.

அதற்குப் பின்னும் சில பகுதிகள் ஏட்டிலேயே தங்கிவிடும். புல்கட்டியைப் பதிக்கும் செயலைத் திரை ஒரு நொடியில் காட்டிவிடும். அச்செயலைப் பற்றி ஒரு மனிதன் தனிமையில் அமர்ந்து குறிப்பேட்டில் எழுதிய சிந்தனையை வாசகன் தனிமையில் அமர்ந்துதான் பெற இயலும். இது திரைக்கு இழிவன்று. ஏட்டுக்கு உரிய எல்லை அது. ஒவ்வொரு கலைக்கும் தனக்கே உரிய வீச்சு ஒன்று உண்டு அல்லவா?

முடிவுரை

இவ்வரலாற்றில் ஆசிரியப் பெருமக்கள் பெறத்தக்க படிப்பினை யாது? திரைப்படத்தை வகுப்பிலிருந்து விலக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. காலம் தந்த கருவியை ஒதுக்குதல் அறிவுடைமை ஆகாது. ஆனால், நூலுக்குப் பதிலாகப் படம் என்னும் நிலை வரக்கூடாது. நூலும் படமும் அருகருகே இருக்கட்டும். படத்தில் வராதது எது என்று மாணவர்கள் தேடட்டும். அத்தேடலே சிறந்த இலக்கியப் பாடமாகும்.

என் மாணவி அவ்விடை கூறிய மறுநாள், அந்தக் கதைநூலை மீண்டும் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். சிறுவன் வாசலில் நின்ற பக்கத்தை வாய்விட்டுப் படித்தேன். படித்து முடித்தபின் எந்த வினாவும் கேட்கவில்லை. சிறிது நேரம் வகுப்பு அமைதியாக இருந்தது. ஆனால், அது முந்தைய நாளின் அமைதியன்று. பிறகு அதே மாணவி கையை உயர்த்தி, "ஐயா, அவன் அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றான் என்று நினைக்கிறேன்" என்றாள். நூலில் அப்படி எழுதப்படவில்லை. அவளே கண்டுகொண்டது அது.

சிவஸ் அயர்ன்ஸ் தம் மாணவனுக்குச் செய்ய விரும்பியதும் இதுவே. பாதையைக் காட்டுவது ஆசிரியரால் ஆகாது. பாதையைக் காணும் கண்ணைத் திறக்க அவரால் ஆகும். புதுவையில் ஊன்றி, கலிபோர்னியாவில் தழைத்து, ஸ்காட்லாந்தைக் களமாகக் கொண்டு மலர்ந்த அந்நூல், நம்முடைய சிறிய வகுப்பறைக்கும் சொல்லும் செய்தி ஒன்றுண்டு. கற்பித்தலின் உயிர், சொன்ன சொற்களில் மட்டும் இல்லை. சொன்னபின் நாம் மாணவனுக்கு விட்டுவைக்கும் அமைதியிலும் அது இருக்கிறது. அந்த அமைதியை வகுப்பறையில் காப்பது நம் கடன்.